ஜாகாவுக்கு எவ்வளவு மந்திரம் கொடுக்கலாம்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் ஆட்டம் தொடங்கும். சுங்கை சிப்புட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பழைய தோட்டத்து ஆட்கள் குடிவந்த வீட்டு வரிசையில், எங்கள் வீட்டுத் தாழ்வாரம்தான் களம். ஐந்து பேர், ஒரு மேசை, ஒரு பை நிறையப் பகடை, ஒரு ஜக்கு மைலோ. ஆறரைக்கு பேக்டரி பஸ் வந்து ஹாரன் அடித்தால் எங்களில் ஒரு தம்பி நைட் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவான். பாதிச் சண்டையாக இருந்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான்.

இப்படி ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேச்சும் பகடையுமாக மேசையில் ஆடும் ஆர்.பி.ஜி. ஆட்டத்தைப் புதிதாக நடத்தத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும், "அண்ணே, எனக்கு வாளும் வேணும், மந்திரமும் வேணும்" என்று ஒருவர் வந்து நிற்க, என்ன சொல்வது என்று முழிக்கிறவர்களுக்காக. எந்த மேசைக்கும் அப்படி ஒருவர் வந்தே தீருவார்.

எங்கள் மேசைக்கு வந்தவன் அந்த நைட் ஷிப்ட் தம்பிதான். தோட்டத்தில் ராத்திரிக் காவலுக்கு இருக்கும் ஜாகா மாதிரி ஓர் ஆள், கையில் அரிவாள், வாயில் மந்திரம் என்று கேட்டான். முதலில் பாத்திரத்துக்கு ஒரு காவல் தெய்வத்தின் பெயரை வைத்தான். அது அவன் அம்மா காதில் விழுந்தது. "சாமி பேரை வெச்சாடா பகடை உருட்டுவீங்க?" என்று கேட்டதோடு அந்தப் பெயர் போய், 'ஜாகா' என்பதே நின்றுவிட்டது. நடுவில் 'வாள்மந்திரி' என்றும் யோசித்தோம். எந்த இலாகா என்று ஒருவர் கேட்டார், விட்டுவிட்டோம்.

அந்த ஜாகாவை நான் மூன்று தடவை எழுதினேன். முதல் தடவை மேசையைக் கெடுத்தான். இரண்டாம் தடவை எதற்கும் உதவாமல் நின்றான். மூன்றாவது இன்று வரை ஓடுகிறது.

தொடங்கும் முன் சில சொற்கள். ஆட்டத்தை நடத்துகிறவர் டிஎம். பாத்திரத்தின் வளர்ச்சிக்கு லெவல் என்றும், மந்திரத்தின் பலத்துக்குப் 'படி' என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் லெவல் என்றே சொல்லி முதல் மாதம் முழுக்கக் குழம்பினோம். ஸ்லாட் என்பது மந்திரம் போடுவதற்குச் செலவாகும் சீட்டு. தீர்ந்தால் ஓய்வெடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும். ஸ்லாட் செலவில்லாமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடக்கூடியது 'சில்லறை மந்திரம்'. ஆறு பக்கப் பகடைக்கு 'ஆறுமுகம்' என்று பெயர். அதை உருட்டும்போது அரோகரா சொல்லாவிட்டால் ஒன்றுதான் விழும் என்பது ஒருவரின் நம்பிக்கை. இதற்கு மட்டும் அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 5ஆம் பதிப்பு, 2014இல் வந்த விதிகள். கீழே வரும் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். அதன் அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள். காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம், மாற்றலாம், அச்சடிக்கலாம். வேறு ஆட்டம் ஆடுகிறவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. அவன் வேலை என்ன, ஒரே வரியில்

"வாளும் தெரியும், மந்திரமும் தெரியும்" என்பது வேலை ஆகாது. வீரன் செய்வதில் முக்கால், மந்திரவாதி செய்வதில் முக்கால் என்று கொடுத்தால் மேசையில் ஒன்றரை ஆள் உட்கார்ந்திருப்பான். பாதிப் பாதி கொடுத்தால் வீரன் இருக்கும் இடத்தில் இரண்டாம் தர வீரன், மந்திரவாதி இருக்கும் இடத்தில் இரண்டாம் தர மந்திரவாதி. அதனால் எண்களைத் தொடுவதற்கு முன்னால் கேட்கவேண்டியது: அவர்கள் இரண்டு பேராலும் முடியாத எதை இவன் செய்யப்போகிறான்?

நான் கேட்டபோது தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். "கோடு போடுவேண்ணே. அரிவாளால தரையில கோடு கிழிப்பேன். அதைத் தாண்டி எதுவும் வரக்கூடாது" என்றான். அதுதான் வரி. மந்திரவாதி தூரத்திலிருந்து நெருப்பு வீசலாம், வீரன் எதிரே நின்று வெட்டலாம், ஆனால் ஓர் இடத்தைக் காவல் காப்பது ஜாகாவுக்கு மட்டும். இப்படி ஒரு வரி கிடைக்காவிட்டால் புது வகை எழுதாதீர்கள். வீரனுக்கு இரண்டு சில்லறை மந்திரம் கற்றுக்கொடுத்து ஆடவிடுங்கள், போதும்.

2. அக்கம் பக்கத்து இருவரையும் எழுதி வையுங்கள்

கலப்பு ஆளைத் தனியாக வைத்துப் பார்த்தால் அவன் பலசாலியா இல்லையா என்று சொல்லவே முடியாது. இரண்டு பக்கமும் ஆள் நிற்கவேண்டும். நான் 5ஆம் லெவலை எடுத்துக்கொண்டேன். வீரனுக்கு இரண்டாவது வெட்டும் மந்திரவாதிக்கு மூன்றாம் படி மந்திரமும் கிடைப்பது அங்கேதான். சமன் குலைவதும் பெரும்பாலும் அங்கேதான்.

வீரன் இருபது முகப் பகடையை உருட்டி, பலத்துக்கு 4, பயிற்சிக்கு 3 என 7 கூட்டுகிறான். எதிரியின் கவச எண், அதாவது அடி படுவதற்கு எட்டவேண்டிய எண், 15 என்றால் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். இருபதில் பதின்மூன்று வாய்ப்பு, அதாவது 65 விழுக்காடு. நீண்ட வாளின் எட்டு முகப் பகடைக்குச் சராசரி 4.5, பலம் 4, ஆக ஒரு வெட்டின் அடி 8.5. இரண்டு வெட்டுக்கு 17. அதில் 65 விழுக்காடு எடுத்தால் முறைக்குச் சுமார் 11. உடல்வலு 2 கூடுதலாக இருந்தால், அடி பட்டால் குறையும் உயிர்ப் புள்ளி 44.

மந்திரவாதிக்கு அதே உடல்வலுவில் 32 உயிர்ப் புள்ளிதான். சில்லறை மந்திரமாக நெருப்பு எறிந்தால் இரண்டு பத்து முகப் பகடை, சராசரி 11, அதில் 65 விழுக்காடு என்றால் முறைக்கு 7. ஆனால் நெருப்பு உருண்டை என்ற மூன்றாம் படி மந்திரம் எட்டு ஆறுமுகம், சராசரி 28. எதிரி தப்பிக்கும் உருட்டலில் ஜெயித்தால் பாதி. நூற்றுக்கு நாற்பது தடவை ஜெயிக்கும் எதிரிக்கு ஆளுக்கு 22.4, மூன்று பேர் நின்றால் 67. வீரனின் 11க்குப் பக்கத்தில் 67 என்றால் அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்த ஸ்லாட் அவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்றுதான்.

இதைக் காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். கலப்பு ஆளின் ஒவ்வோர் எண்ணும் இதற்குப் பக்கத்தில்தான் உட்காரவேண்டும். எட்டு முகப் பகடையை உயிருக்கு வைத்தால் ஜாகாவுக்கு 38 வருகிறது, நடுவில். சரி.

இன்னொன்றும் அந்தக் காகிதத்தில் எழுதுங்கள். வீரனுக்குப் பலமும் உடல்வலுவும் போதும். மந்திரவாதிக்கு அறிவும் உடல்வலுவும் போதும். கலப்பு ஆளுக்கு மூன்றும் வேண்டும். 27 புள்ளிகளைப் பிரித்துக் குணங்களை வாங்கும் முறையில் 15 என்ற எண்ணுக்கு விலை 9. மூன்று குணத்தை 15ஆக வாங்கினால் கை காலி, மற்ற மூன்றும் 8இலேயே கிடக்கும். ஆக அவன் பிறக்கும்போதே ஒரு தொகை கட்டிவிட்டான். இதைக் கவனிக்காமல் நான் இரண்டாவது தடவை திரும்பவும் அவனிடம் விலை வாங்கினேன், அதைச் சொல்கிறேன்.

3. விலையை எதில் வாங்குவது

இந்தக் கேள்விக்கு ஆட்டம் எழுதுகிறவர்கள் ஐம்பது வருடமாக விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோதே எல்ஃப் என்ற இனம் வீரனாகவும் மந்திரவாதியாகவும் இருக்கலாம் என்று வைத்தார்கள். ஒரே நிபந்தனை, இன்றைக்கு எது என்று ஆட்டம் தொடங்கும்போதே சொல்லிவிடவேண்டும், நடுவில் மாறக்கூடாது. 1981இன் அடிப்படைப் பதிப்பில் எல்ஃப் இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம், ஆனால் வளர்ச்சி மெதுவாகும். இரண்டாம் லெவலுக்குப் போக வீரனுக்கு 2000 அனுபவப் புள்ளி, மந்திரவாதிக்கு 2500, எல்ஃபுக்கு 4000. இரண்டு பேர் கட்டணத்தைச் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரே ஆளிடம் வாங்கிவிட்டார்கள்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, கவசத்தில் கை வைத்தது. இரும்பு உடுத்திக்கொண்டு மந்திரம் போட்டால் அது பிசகலாம். சங்கிலிச் சட்டைக்கு 20 விழுக்காடு, முழுக் கவசத்துக்கு 35. எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை. முறை வரும்வரை கால்மணி நேரம் காத்திருந்த ஆளிடம், "உன் மந்திரம் புஸ்ஸுன்னு போச்சு, அடுத்தவர் உருட்டுங்க" என்று சொல்வதற்கு மனசு வருவதில்லை.

5ஆம் பதிப்பின் எல்ட்ரிட்ச் நைட் வேறு வகை. வீரன்தான், மந்திரம் மட்டும் ரொம்பப் பின்தங்கி வரும். மந்திரவாதி 5ஆம் லெவலில் போடும் மூன்றாம் படி மந்திரம் இவனுக்கு 13ஆம் லெவலில்தான். நான்காம் படி 19இல். வாரம் ஒருநாள் ஆடும் மேசை 13ஆம் லெவலைப் பார்ப்பதற்குள் தம்பிக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்துவிடும்.

பாத்ஃபைண்டர் ஆட்டத்தில் 2011இல் வந்த மேகஸ் என்ற கலப்பு வகை எனக்கு நெருக்கமான விடை. ஒரே முறையில் வெட்டவும் செய்யலாம், மந்திரமும் போடலாம். ஆனால் முறை முழுக்க அதற்கே போகும், ஒரு கை காலியாக இருக்கவேண்டும், எல்லா வெட்டிலும் 2 குறையும். இங்கே விலை போவது முறையில்.

என் கட்சியும் அதுதான். அனுபவப் புள்ளியில் விலை வாங்கினால் அது மாதக் கணக்கில்தான் தெரியும். கவசத்தில் வாங்கினால் சீக்கிரமே ஒரு மந்திரக் கவசத்தைக் கண்டுபிடித்துத் தப்பிவிடுவார்கள். முறை அப்படியில்லை. ஒரு சுற்றில் எல்லோருக்கும் தலைக்கு ஒன்றுதான். வீரன் தன் முறையை வெட்டுக்குக் கொடுக்கிறான், மந்திரவாதி தன் முறையை மந்திரத்துக்குக் கொடுக்கிறார். கலப்பு ஆள் மட்டும் ஒரே முறையில் இரண்டையும் வாங்கிக்கொண்டு போனால், அவன் பகடை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மேசையில் இரண்டு பேர் ஆடுகிறான் என்று அர்த்தம்.

4. வெட்டு முறை, சொட்டு முறை

என் முதல் ஜாகா இப்படி இருந்தான்: முறைக்கு இரண்டு வெட்டு, பட்ட ஒவ்வொரு வெட்டிலும் ஸ்லாட் செலவழித்து மந்திரத்தை ஊற்றலாம். 2014 விதிகளில் பாலடின் என்ற புனித வீரனுக்கு இருப்பதை அப்படியே எடுத்துப் போட்டேன். இரண்டாம் படி ஸ்லாட் என்றால் மூன்று எட்டு முகப் பகடை, 13.5. வெட்டின் 8.5ஐச் சேர்த்தால் 22. இரண்டும் பட்டால் 44. படாமல் போகும் வாய்ப்பையும் கணக்கில் எடுத்தால் 28.6. பக்கத்தில் வீரனின் 11ஐ வைத்துப் பாருங்கள்.

நான் பார்க்கவில்லை. 60 உயிர்ப் புள்ளியோடு ஒரு பெரிய அரக்கனை இறக்கினேன். ஜாகா முதல் முறையிலேயே 46 எடுத்தான். அடுத்து மந்திரவாதி ஒரு நெருப்பு, அரக்கன் காலி. எங்கள் மேசையில் வீரனை ஆடுகிறவர் பக்கத்து வீட்டு அக்கா. பகடையைக் கையில் குலுக்கிக்கொண்டே இருந்தவர் மெதுவாக மேசையில் வைத்தார். அடுத்த வாரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வாரம், "நான் போய் வடை போட்டுட்டு வர்றேன், சண்டை முடிஞ்சதும் கூப்பிடுங்க" என்று எழுந்துபோனார். வடை நன்றாக இருந்தது. எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

உடனே எல்லாவற்றையும் வெட்டினேன். ஒரே வெட்டு, லேசான கவசம், ஒன்றாம் படிக்கு மேல் மந்திரம் கிடையாது, மந்திரம் போட்டால் அந்த முறையில் வெட்டு கிடையாது. புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. ஒரு நாள் எரிச்சலில் விதி எழுதுவது. கணக்குப் போட்டால் ஜாகாவின் வெட்டுக்கு 5.5 வந்தது. மந்திரவாதியின் சில்லறை நெருப்பே 7. மூன்று குணத்துக்குக் காசு கட்டிவிட்டு இதற்கா அவன் வந்தான்? "பேசாம வீட்டுல தூங்கிட்டு ஷிப்டுக்குப் போயிருக்கலாம்ணே" என்றான் தம்பி.

விடை எங்கள் அம்மாவிடமிருந்து வந்தது, அவருக்குத் தெரியாமலே. அம்மா பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், வெயில் ஏறுவதற்குள் மரம் மரமாகப் பட்டையைச் சீவிவிடுவார். அப்புறம் காத்திருக்கவேண்டும். பால் சொட்டி மங்கு நிறைய நேரம் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி ஒரு சுற்று. வெட்டும்போதே பாலை எடுக்க முடியாது, அதற்காக யாரும் அவரை அரை ஆள் என்று சொன்னதில்லை. ஒருநாள் அவர் பழைய கதை பேசிக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறி தட்டியது.

மூன்றாவது ஜாகாவின் விதி இதுதான். வெட்டு முறையில் அவனுக்கு ஒரே வெட்டு. பட்டால் ஒரு ஸ்லாட் செலவழித்து மந்திரத்தை ஊற்றலாம். பட்ட பிறகுதான் ஸ்லாட் செலவாகும், தவறினால் மிச்சம். அடுத்தது சொட்டு முறை. அதில் அரிவாளில் மந்திரம் ஏறாது. சாதாரண வெட்டு ஒன்று போடலாம், கூடவே கோட்டைக் கிழிக்கலாம் அல்லது நகர்த்தலாம். அதற்கடுத்து மறுபடியும் வெட்டு முறை.

வெட்டு முறையின் சராசரி: 22இல் 65 விழுக்காடு, 14.3. சொட்டு முறை 5.5. இரண்டையும் சேர்த்துப் பாதியாக்கினால் 9.9. அக்காவின் 11க்குக் கொஞ்சம் கீழே, மந்திரவாதியின் சில்லறைக்கு மேலே. ஆனால் உச்சம் 14ஐத் தொடுகிறது, அவனுக்கென்று ஒரு கோடும் இருக்கிறது. வெட்டு முறை வரும்போது மேசையில் எல்லோரும் கொஞ்சம் முன்னால் சாய்கிறார்கள். முடிந்ததும் யாராவது ஒருவர் "பால் சொட்டட்டும்" என்கிறார், பகடை அடுத்தவர் கைக்குப் போகிறது.

பெரிய கண்டுபிடிப்பு என்று இரண்டு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். அப்புறம் பார்த்தால், பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்புக்கு 2021இல் வந்த மேகஸும் இதே வழியில்தான் போகிறான். முறைக்கு மூன்று செயல், மந்திர வெட்டுக்கு இரண்டு செயல் செலவு, மறுபடி வெட்ட ஒரு செயல் கொடுத்து நிரப்பிக்கொள்ளவேண்டும். 2024இல் திருத்தி வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளிலும் பாலடினின் மந்திர வெட்டை முறைக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள்.

5. கவசத்தின் மேல் கவசம்

அடியைப் பார்க்கிற கண் தற்காப்பைப் பார்ப்பதில்லை. ஒன்றாம் படியில் ஒரு கேடய மந்திரம் இருக்கிறது, அடுத்த முறை வரும்வரை கவச எண்ணில் 5 கூடும். கவச எண் 13 உள்ள மந்திரவாதியைக் குட்டிப் பூதம் ஒன்று 4 கூட்டி அடித்தால் 60 விழுக்காடு படும். மந்திரம் போட்டால் 35. பரவாயில்லை, உயிர் பிழைப்பார். அதே மந்திரத்தை முழுக் கவசமும் கேடயமும் போட்ட ஆளிடம் கொடுங்கள். கவச எண் 20, அடி படும் வாய்ப்பு 25 விழுக்காடு. மந்திரம் போட்டால் 5. இருபது விழுந்தால் மட்டும் அடி. ஒரே மந்திரம்தான், ஆனால் மந்திரவாதிக்கு அடி பாதியாகக்கூடக் குறையவில்லை, கவசக்காரனுக்கு ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது.

நான் மந்திரத்தைத் தடை செய்யவில்லை. நடுத்தரக் கவசம், ஒரு கையில் அரிவாள், மறு கை வெறுங்கை, மந்திரம் அந்தக் கையில்தான் என்று வைத்தேன். கேடயம் பிடிக்க இடமில்லை, விஷயம் முடிந்தது.

6. ஞாயிறு ஒன்று, சண்டை ஒன்று

எங்களைப் போன்ற மேசைகளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். விதிப் புத்தகம் எழுதியவர்கள், பாத்திரங்கள் ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு மோதல் வரை சந்திப்பார்கள் என்ற கணக்கில்தான் ஸ்லாட்டுகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மணிக்குத் தொடங்கி ஆறரை பஸ்ஸுக்கு முடிக்கிற நாங்கள் ஒரு சண்டை போடுவதே பெரிது. மழை பிடித்துத் தகரத்தில் கொட்டினால் டிஎம் கத்துவது யாருக்கும் கேட்காது, அந்த ஒன்றும் பாதியில் நிற்கும்.

அடுத்த வாரம் எல்லோரும் புது ஸ்லாட்டோடு வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஸ்லாட் உள்ளவன் எப்போதும் பணக்காரன். வீரனின் பலமே களைக்காமல் வெட்டிக்கொண்டே இருப்பது. அந்தக் களைப்பு யாருக்கும் வரவே இல்லை என்றால் அக்கா எதற்கு?

அதனால் கதையின் நாளையும் நம் நாளையும் பிரித்துவிடுங்கள். எங்கள் மேசையில் ஒரு கதை நாள் மூன்று ஞாயிறு நீளும். ஸ்லாட்டைப் பென்சிலால் தாளில் குறித்து, பஸ் ஹாரன் கேட்டதும் தாள்களை நானே வாங்கி வைத்துக்கொள்வேன். நம்பிக்கை இல்லாமல் இல்லை, மறதி. இரண்டாவது ஞாயிறு ஜாகாவிடம் ஒரே ஒரு ஸ்லாட் மிச்சம் இருக்கும்போதுதான் அவன் கோட்டை எங்கே கிழிப்பது என்று நிஜமாக யோசிக்க ஆரம்பித்தான்.

7. சோதித்துப் பாருங்கள்

கதைக்குள் கொண்டுபோகும் முன் மூன்று வெள்ளோட்டச் சண்டை வையுங்கள். ஒன்றில் ஒரே ஒரு பெரிய எதிரி. ஒன்றில் எட்டுச் சின்ன எதிரிகள். இன்னொன்றில் எதிரி ஆற்றுக்கு அக்கரையில், அரிவாள் எட்டாத தூரத்தில். கலப்பு ஆள் மூன்றிலும் முதலில் நின்றால் அதிகம் கொடுத்துவிட்டீர்கள். ஒன்றில் முன்னால், ஒன்றில் நடுவில், ஒன்றில் திணறல் என்று இருந்தால் விட்டுவிடலாம். எங்கள் ஜாகா ஆற்றங்கரையில் திணறினான். அக்கரைக்கு ஏதாவது மந்திரம் கொடுங்களேன் என்று கெஞ்சினான். கொடுக்கவில்லை. அது மந்திரவாதியின் ஆறு.

பழைய பள்ளிக் கொப்பி ஒன்றில் ஒவ்வொருவருக்கும் மூன்று கட்டம் போட்டு அடி, தடுப்பு, உதவி என்று கோடு போட்டுக்கொண்டே வந்தோம். கூடவே போனில் ஸ்டாப்வாட்சையும் ஓடவிட்டேன். அதில்தான் நான் எதிர்பார்க்காதது வந்தது. அக்காவின் முறை அரை நிமிடத்தில் முடிகிறது. ஜாகாவின் முறை நான்கு நிமிடம். வெட்டா, மந்திரமா, எந்த மந்திரம், எத்தனையாம் படி, கோடு எங்கே, நகர்ந்து வெட்டுவதா, வெட்டி நகர்வதா என்று தம்பி தாளைப் புரட்டிக்கொண்டே இருக்கிறான். எண்கள் சரியாக இருந்தும் மற்றவர்களுக்கு எங்கேயோ இடித்ததற்குக் காரணம் அதுதான். அடியில் சமமாக இருந்தவன் நேரத்தில் எட்டு மடங்கு எடுத்துக்கொண்டிருந்தான்.

தீர்வு சின்னது. ஓர் அட்டையில் இரண்டு பக்கமும் எழுதினோம். ஒரு பக்கம் வெட்டு, அதில் மூன்று தேர்வு. மறுபக்கம் சொட்டு, அதில் இரண்டு. முறை முடிந்ததும் அட்டையைத் திருப்பி வைக்கவேண்டும். எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதில் உள்ளதை மட்டும் பார்த்தால் போதும். நான்கு நிமிடம் ஒன்றரைக்கு வந்தது.

8. ஆளிடம் சொல்வது

விதியை மாற்றுவது சுலபம், ஆசையாக எழுதிக்கொண்டு வந்தவனிடம் அதைச் சொல்வதுதான் கஷ்டம். எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். சண்டை நடுவில் கட்டாயம் சொல்லாதீர்கள். நான் அவனை ஒட்டுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆளுக்கொரு தே தாரேக் வாங்கி வைத்துக்கொண்டு இரண்டாம் பகுதியில் சொன்ன காகிதத்தைக் காட்டினேன்.

"அக்கா முறைக்குப் பதினொன்னு. உன் முதல் ஜாகா இருபத்தெட்டு, ரெண்டாவது அஞ்சரை."

அவன் காகிதத்தைப் பார்த்தான். "நான் பதினொன்னுக்கு வரணுமாண்ணே?"

"பத்துக்கு வா. ஆனா ஒரு முறை விட்டு ஒரு முறை பதினாலு அடிப்பே. கோடு உன்கிட்ட மட்டும்தான் இருக்கும், வேற யாருக்கும் தரமாட்டேன்."

"கோட்டை யாரும் தாண்ட முடியாதில்ல?"

"தப்பிக்கிற உருட்டல்ல ஜெயிச்சா தாண்டும்."

"அது போதும் லா" என்றான். தே தாரேக்குக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

எடுத்ததைச் சொல்லும்போதே கொடுத்ததையும் சொல்லவேண்டும் என்பதைக் கவனியுங்கள். அத்தோடு, மூன்று வாரம் ஆடிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பேசலாம் என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த நாளில் மறக்காமல் நீங்களே பேச்சை எடுங்கள். நாங்கள் பேசியபோது கோட்டின் நீளத்தைப் பத்து அடியிலிருந்து பதினைந்தாக்கினோம். கேட்டது தம்பி இல்லை, அக்கா. அவர் வீரன் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று வெட்டுவதற்கு இடம் போதவில்லையாம்.

இப்போது எல்லோரும் 7ஆம் லெவலில் இருக்கிறார்கள். 11ஆம் லெவலில் வீரனுக்கு மூன்றாவது வெட்டு வரும், அன்றைக்கு இந்தக் கணக்கு முழுவதையும் மறுபடி போடவேண்டும். மேசையில் ஒட்டிய காகிதத்தில் அந்த வரியை அக்கா இப்போதே சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.